கழற்றிய கதவு

கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்காகும் என்று, வாடகை தராத தேவசகாயத்தைக் கிளப்ப, ஆவுடையப்பன் அவன் குடியிருந்த வீட்டு வாசல் கதவைக் கழற்றித் தன் கடையில் சாத்தி வைத்தார். மூட்டை கட்டுகிறானா என்று மறுநாள் பார்க்க வந்தபோது, தேவசகாயம் மனைவியோடு படியிறங்கினான். கையில் ஒரே ஒரு பை.

“மாமாவுக்கு முடியலயாம் அண்ணாச்சி, ஊருக்குப் போயிட்டு வாரோம். பீரோவுல இவ நகை இருக்கு. கதவு உங்ககிட்டதான இருக்கு, பாத்துக்கிடுங்க.”

தெருவுக்கே கேட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் திருடப் போனதாகும். விட்டுப் போனால், எவன் எடுத்தாலும் பழி அவர் தலையில். ஆவுடையப்பன் வாசலிலேயே நின்றார்.

எதிர்வீட்டுக்காரர் சிரித்தபடி படியேறினார். “நீங்க போய்க் கதவ எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி. அதுவரைக்கும் நான் நிக்கேன்.”

ஆவுடையப்பன் இரண்டு கைகளையும் வாசல் நிலையில் அகல ஊன்றிக்கொண்டார்.