பயப்படுகிறவர்கள் தேவை

"எலிக்குக் குடுத்துப் பாத்தாச்சா, இல்லை நேரா இவருக்குத்தானா?"

கேட்டது மனைவி. பக்கத்தில் கணவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, வாசல் கதவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்த பெண் சிரித்துவிட்டாள். அந்தப் பல் மருத்துவமனையில் நடக்கும் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்ப்பது அவள் வேலை. ஊசி போடுவதற்கு முன்னால் ஈறில் ஒட்டுகிற மெல்லிய வில்லை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதை ஒட்டினால் ஊசி குத்துவதே தெரியாதாம். நிஜமா என்று பார்க்க, பல் வைத்தியம் என்றாலே நடுங்குகிற ஆட்கள் வேண்டும். சிக்கலே அதில்தான். நடுங்குகிறவர்கள் பல் மருத்துவமனை இருக்கிற தெருப்பக்கம்கூடத் தலைவைத்துப் படுப்பதில்லை. 'பயப்படுகிறவர்கள் தேவை' என்று பேருந்து நிறுத்தம் வரைக்கும் விளம்பரம் ஒட்டியும், வந்தவர்களில் பாதிப் பேர் மாடிப்படியிலேயே காணாமல் போனார்கள். ஒருவர் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனார், போனவர் போனவரே.

இன்னும் ஒரே ஓர் ஆள் கிடைத்தால் போதும். அந்த ஓர் ஆள்தான் இப்போது கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எலி, முயல் எல்லாம் தாண்டியாச்சும்மா. மனுஷங்களுக்கும் கெடுதல் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. பலன் இருக்கான்னுதான் இப்ப பாக்கறோம். ஆனா ஒண்ணு. பாதிப் பேருக்கு மருந்து வச்ச வில்லை, மீதிப் பேருக்கு வெறும் வில்லை. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வேண்டாம்னு தோணினா எப்ப வேணா எழுந்து போயிடலாம்."

"அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அவர் காதுல போடாதீங்க" என்றாள் மனைவி.

"கடைசியா எப்ப சார் பல்லைக் காட்டினீங்க?"

"பள்ளிக்கூடத்துல படிக்கும்போது" என்றார், உதடு பிரியாமல். "கதவைச் சாத்திட்டு, ஆளுக்கு ஒரு கை, ஒரு காலைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"கல்யாண போட்டோவுலகூட வாயத் திறந்து சிரிக்கலைங்க. அடக்கமான மாப்பிள்ளைன்னு எங்கப்பா ஏமாந்துட்டார்."

"எதைக் கண்டா ரொம்ப பயம்? சத்தமா, வாசனையா?"

"சத்தம், வாசனை எல்லாம் பழகிடுச்சு. அந்த நாற்காலிதான். மல்லாந்து படுத்தா மேல இருந்து ஒரு முகம் குனியும் பாருங்க..." கன்னத்தை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

"உங்க ஊர்லயே யார்கிட்டயாவது காட்டியிருக்கலாமே சார்? எதுக்கு இவ்வளவு தூரம்?"

"அங்க இவரைத் தெரியாதவங்க கிடையாது" என்றாள் மனைவி. "இவர் அலறினா அப்புறம் எந்த மூஞ்சியோட தெருவுல நடக்கறது? அதான் கிராம்பும் வெந்நீருமா காலத்தை ஓட்டினார்."

"என்ன வேலை சார்?"

"சொந்தத் தொழில்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

சிகிச்சை அறை வரைக்கும் நன்றாகத்தான் வந்தார். நாற்காலியைப் பார்த்ததும் கால் ஒட்டிக்கொண்டது. எப்படியோ உட்கார்ந்தார். இளம் பெண் டாக்டர் விளக்கைத் திருப்பியதும் விருட்டென்று எழுந்துவிட்டார்.

"தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

தண்ணீர் குடிக்கப் போனால் இவரும் திரும்ப மாட்டார் என்று ஆள் சேர்க்கும் பெண்ணுக்குத் தெரிந்துபோனது. நல்ல வார்த்தை சொல்லி உட்கார வைத்துவிடலாம். ஆனால் அவர் சொன்ன பள்ளிக்கூடத்துக் கதை நினைவுக்கு வந்ததும் மனம் வரவில்லை. தானே போய்க் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"போகணும்னா போங்க சார். ஒருத்தரும் கோவிச்சுக்க மாட்டோம். நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

அவர் திறந்த கதவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி நடந்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"கதவு அப்படியே திறந்திருக்கட்டும்மா" என்றார்.

வில்லையை ஒட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை இறுக்க மூடியபடியே கேட்டார்:

"ஊசி எப்ப போடப் போறீங்க?"

"போட்டாச்சு சார்" என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு சொத்தைப் பல்லைப் பிடுங்கியதும் அவருக்குத் தெரியவில்லை. தட்டில் கிடந்த கடைவாய்ப் பல்லைப் பார்த்து, பஞ்சைக் கடித்தபடி கோணலாகச் சிரித்தார். மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏசிக் காத்து எனக்கு ஒத்துக்காது" என்றாள்.

"எனக்கு வச்சது மருந்து வில்லையா, வெறும் வில்லையா?" என்று குழறினார்.

"ஆராய்ச்சி முடிஞ்சாத்தான் சார் தெரியும்."

"எதுவா இருந்தா என்ன? பல்லோட சேத்து பயமும் போச்சு!"

ஆள் சேர்க்கும் பெண்ணுக்கு மனம் நிறைந்துவிட்டது. ஆளும் கிடைத்தார், அவர் வலியும் தீர்ந்தது. படி வரைக்கும் கூடவே வந்தாள். அப்போது அவருடைய கைப்பேசி அடித்தது. வாய் மரத்திருந்ததால் மனைவியிடம் நீட்டினார். அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"டாக்டர், கிளினிக்குக்கு எப்ப வருவீங்க? பல் எடுக்க வந்த அம்மா பயந்துபோய் நம்ம நாற்காலியில உக்காரவே மாட்டேங்கறாங்க!"

அவர் பஞ்சை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கைப்பேசிப் பக்கம் குனிந்தார். "வலிக்காதுன்னு சொல்லும்மா. இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் சொல்றதுதான்... இன்னிக்குத்தான் தெரிஞ்சு சொல்றேன்!"