நல்லாத்தானே இருக்கு!

"இந்தத் தடவை அவனைப் பிடிக்காம விடப் போறதில்ல அண்ணே!"

ஏரிப் பூங்காவின் மேற்பார்வையாளர் அவள். அக்கா வீட்டுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, விடிவதற்கு முன்பே வந்து வாட்ச்மேனோடு காவல் அறையில் பதுங்கியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே, ஏரிக்குள் நீளும் மரப்பாதை மங்கலாகத் தெரிந்தது.

"அப்படி என்ன மேடம் தப்புப் பண்ணிட்டான்? உடைஞ்ச பலகையை எடுத்துட்டுப் புதுப் பலகை போடறான். நம்மகிட்ட ஒரு பைசா கேக்கல. புண்ணியவான்!"

"புண்ணியவானா? மேலதான் பளபளன்னு இருக்கு. கீழே தாங்குற கட்டையெல்லாம் மக்கிப் போச்சு. அதை மாத்த நகராட்சிதான் பணம் தரணும். ஆய்வுக்கு வர்ற அதிகாரி, மேல நின்னு ஒரு மிதி மிதிச்சுப் பாக்கறார். 'நல்லாத்தானே இருக்கு, எதுக்கும்மா பணம்?'னு காரைத் திருப்பிட்டுப் போயிடறார். ரெண்டு தடவை ஆச்சு."

"இன்னிக்கும் அப்படியே சொல்லிட்டா?"

"படகு கிளப்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க. 'பராமரிப்பை நாங்க பாத்துக்கறோம்'னு நகராட்சிகிட்டேருந்து ஏரியையே வாங்கிப்பாங்க. அப்புறம் ஏரித் தண்ணியில காலை நனைக்கவும் டிக்கெட்தான். நான் இருக்கிற வரைக்கும் அது நடக்காது."

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "ஆய்வு என்னிக்குன்னு அவனுக்கு மட்டும் எப்படி மேடம் தெரியுது?"

"அதான் எனக்கும் புரியல. ஆபீஸ் விஷயத்தை நான் வீட்டுலகூட மூச்சு விடறதில்ல."

அவளுக்கு இன்னொரு வயிற்றெரிச்சலும் இருந்தது. "எவனோ ஒருத்தன் ஊர்ச் சொத்துக்கு இவ்வளவு அழகா ஆணி அடிக்கிறான். எங்க வீட்டுல அடுக்களைத் தாழ்ப்பாள் கழண்டு விழுந்து ஆறு மாசமாச்சு. கேட்டா, நேரமில்லையாம்!"

டொக்... டொக்...

இருவரும் ஓடினார்கள். மரப்பாதையின் நடுவே, வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஓர் ஆள் குனிந்திருந்தார். டார்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. அவள் சட்டென்று டார்ச்சைத் தாழ்த்தினாள்.

"போலீசுக்குப் போன் போடட்டுமா மேடம்?"

"வேணாம்ண்ணே." குனிந்திருந்தவர் பக்கம் திரும்பினாள். "அடிச்ச ஆணியெல்லாம் பிடுங்குங்க. அதிகாரி வரும்போது புதுப் பலகை ஒண்ணுகூட இருக்கக் கூடாது. கீழே மக்கிக் கிடக்கிறதை அவர் கண்ணால பாக்கணும். ம், சீக்கிரம்!"

"நீ பெட்டியில இருக்கிற புடவையை எடுத்து இஸ்திரி போட்டாலே மறுநாள் ஆய்வுன்னு தெரிஞ்சுடும். உனக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாதேன்னுதான்..." என்று ஆணியைப் பிடுங்கியபடியே முனகினார், அடுக்களைத் தாழ்ப்பாளுக்கு ஆறு மாதமாக நேரமே கிடைக்காத அவள் வீட்டுக்காரர்.