ஒன்று பத்துக்கு ஒரு போன்

"புதுசு கிளம்பிடுச்சு சார்" என்று சாஃப்ட்வேர் டெஸ்டர் வந்து மெதுவாகக் காதில் போட்டார்.

டீம் லீடர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று பத்து.

சேர்ந்து ஏழு மாதமாகியும் அந்தப் பெண்ணுக்கு ஆபீசில் 'புதுசு' என்றுதான் பெயர். யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. மதியம் ஆனால் போதும், பழுப்பு அட்டை போட்ட எதையோ பைக்குள் செருகிக்கொண்டு, ஆள் நடமாட்டமே இல்லாத பின்பக்கப் படிக்கட்டுக்கு நழுவிவிடுவாள்.

"நேத்து பின்னாடியே போய் நின்னு கேட்டேன் சார். போன்ல யாருக்கோ ப்ரோகிராம் சொல்லிட்டிருக்கு. வரி வரியா."

"சரியாக் கேட்டீங்களா?"

"பிராக்கெட் ஓபன், ஐ ஈக்வல் டு ஜீரோ, செமிகோலன்... இதுகூடவா சார் எனக்குப் புரியாது? போன வாரம்தான் போட்டிக் கம்பெனிக்காரன் நம்ம சாஃப்ட்வேரோட தேடல் வசதியை அச்சு அசலா மார்க்கெட்ல இறக்கினான். நெருப்பில்லாம புகையுமா? ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க."

அந்தத் தேடல் வசதி லீடருடைய டீமின் எட்டு மாத உழைப்பு. ஓட்டை எங்கே இருக்கிறது என்று மேலே இருப்பவர்கள் தினமும் குடைந்துகொண்டிருந்தார்கள்.

"நீங்க இருங்க. நானே போய்ப் பார்க்கறேன்."

படிக்கட்டுக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளிருந்து அவள் குரல் கேட்டது.

"அடுத்த வரி, ரெண்டு இடம் உள்ளே தள்ளி. இஃப், பிராக்கெட் ஓபன்... இல்ல இல்ல, லெஸ் தேன் மட்டும்தான். ஈக்வல் கிடையாது. அங்கேதான் எல்லாரும் சறுக்குவாங்கன்னு போட்டிருக்கு. சரி, முதல்லேர்ந்து சொல்றேன்."

கதவைத் தள்ளினார். அவள் பதறி எழுந்தாள். கையில் போன், இன்னொரு கையில் தடிமனான ஒரு புத்தகம்.

"கட் பண்ணாதீங்க. லைன்ல யாரு?"

அவள் போனை உள்ளங்கையால் பொத்தினாள். "வெளியாள் சார்."

"வெளியாளுக்கு எந்த ப்ரோகிராமைச் சொல்லிட்டிருந்தீங்க?"

அவள் புத்தகத்தை நீட்டினாள். வாங்கிப் புரட்டினார். ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லாரும் படித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிற பழைய புத்தகம். எப்படிச் சுருக்கமாக எழுதுவது, தப்பை எங்கே தேடுவது என்று பக்கத்துக்குப் பக்கம் உதாரணம்.

"இதைப் படிக்கப் படிக்கட்டு எதுக்கு?"

"சத்தமாப் படிக்கணும் சார். உள்ளே படிச்சா எல்லாருக்கும் தொந்தரவு. கேட்கிறவருக்குக் கண் தெரியாது."

"அதுக்குத்தான் கம்ப்யூட்டரே படிச்சுக் காட்டுதே."

"இது அச்சு மங்கின புத்தகம் சார். ஸ்கேன் பண்ணினா புள்ளி எது, கமா எதுன்னே தெரியாமப் போயிடுது. வர்ற திங்கட்கிழமை அவருக்கு ஒரு வேலைக்கான தேர்வு இருக்கு."

நம்பும்படியாகத்தான் இருந்தது. கேட்டதும் பொருத்தமாக வந்து விழுந்த பதில் அவருடைய சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

"அவர் பேரு?"

அவள் தலை குனிந்தாள். "அதை மட்டும் கேட்காதீங்க சார்."

"நல்ல காரியம்தானே பண்றீங்க? பேரைச் சொல்ல என்ன தயக்கம்?"

அவள் போனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்போ நான் போய் ஒரு வார்த்தை சொன்னா, சாயங்காலத்துக்குள்ள உங்க வேலை போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அவ்வளவுதான் சொன்னாள்.

லீடர் கையை நீட்டிப் போனை வாங்கிக் காதில் வைத்தார். "ஹலோ, யார் பேசறது?"

மறுமுனையில் ஒரு ஆண்குரல் கேட்டது. "நெட்டை... நீதானே?"

அவரை அப்படிக் கூப்பிட உலகத்திலேயே ஒருத்தன்தான் உண்டு. ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மூன்றே மாதத்தில் பார்வை முழுசாகப் போய் வேலையை விட்டவன். வழியனுப்பிய அன்று லீடர் அவனைக் கட்டிக்கொண்டு, எல்லார் முன்னாலும் சொன்னார்: "எது வேணும்னாலும் ஒரு போன் பண்ணுடா. நான் இருக்கேன்."

லீடர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"டேய்... எப்படிடா இருக்கே?"

"நல்லாத்தான் இருக்கேன். அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதே. என் மேசையைத்தான் அதுக்குக் குடுத்திருக்காங்க. டிராயர்ல என் புத்தகம் கிடந்திருக்கு. முதல் பக்கத்துல இருந்த நம்பரைப் பார்த்து, கொண்டுவந்து தரட்டுமான்னு கேட்டுச்சு. தந்து நான் என்ன பண்றது? பாதியில விட்டதைப் படிச்சுக் காட்டுன்னு நான்தான் வம்பு பண்ணினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"உனக்கு ஆயிரம் வேலை. சரி, போனை அதுகிட்ட குடு. இன்னும் நாலு பக்கம் பாக்கி இருக்கு."

லீடர் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவள் "ரெண்டே நிமிஷம்" என்று போனில் சொல்லிவிட்டுக் கட் பண்ணினாள்.

"ஏம்மா, இவன்தான்னு முதல்லேயே சொல்லியிருந்தா நான் ஏன் இவ்வளவு பேசப்போறேன்? வேலை போனாலும் பரவாயில்லைன்னு பேரை மறைக்க என்ன இருக்கு?"

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அவர்தான் சொல்லக் கூடாதுன்னார் சார். என்கிட்ட படிக்கச் சொல்றதுக்கு முன்னாடி உங்களுக்குத்தான் நாலு தடவை போன் பண்ணினாராம். நீங்க எடுக்கலையாம். இன்னொருத்தர் படிச்சுக் காட்டுறது தெரிஞ்சா நீங்க சங்கடப்படுவீங்களாம்."