தூதுவர் உள்ளே இருக்கிறார்

"கண்ணா, உங்கப்பாவைப் பெட்டி கட்டச் சொல்லு. நாளைக்குக் கப்பல் வழியில ஒரு கரையைத் தொட்டதும் நாம இறங்கி வீட்டுக்குப் போறோம்."

மூன்று வயது நிரம்பாத வாண்டு தத்தித் தத்திப் போய் அப்பாவின் முழங்காலைத் தட்டினான். "அப்பா, பெட்டி."

"உங்கம்மாகிட்ட சொல்லு, இன்னும் பாதிக் கடல் பாக்கி இருக்கு."

வாண்டு திரும்பி வந்தான். "அம்மா, கடல் பாக்கி."

முந்தாநாளிலிருந்து அந்தக் கப்பல் அறையில் தபால் போக்குவரத்து இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. மேல்தளத்தில் அப்பாவின் பொறுப்பில் நின்ற வாண்டு, அப்பாவின் கவனம் பிசகிய நேரத்தில் தடுப்புக் கம்பியில் ஒரு காலை வைத்து ஏறிவிட்டான். அம்மாதான் பாய்ந்து பிடித்தாள். பிடித்த கையோடு, "உங்களை நம்பி ஒரு பொம்மையைக்கூட விட முடியாது" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். அத்தோடு நேர்ப்பேச்சு நின்றது.

கூட வந்திருந்த நாத்தனார், பாலர் பள்ளி டீச்சர், இந்தத் தபால் சேவையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"நான் மேல போய்க் கடலைப் பார்த்துக் கடவுள்கிட்ட நாலு வார்த்தை பேசிட்டு வர்றேன். காத்து பலமா அடிக்குது, பால்கனியில காயற பிள்ளை துணியை எடுத்துடும்மா. டேய் தம்பி, அங்க கிடக்கிற நாற்காலியை மடக்கி உள்ள கொண்டு வா. இவன் அதுமேல ஏறி வைக்கப் போறான்."

பிள்ளையின் பத்திரம் என்றால் இருவருக்கும் மறுபேச்சு கிடையாது. முதலில் கணவன் போனான். பின்னால் போன அவள், வாண்டு வெளியே வந்துவிடாதபடி கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள். துணியை உருவிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் 'டக்' என்றது.

கையிலிருந்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினால், தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் நின்று வாண்டு சிரித்துக்கொண்டிருந்தான். கதவு அசையவில்லை.

"கண்ணா, திறடா! என் ராஜா இல்ல?"

ராஜா கைகொட்டினார்.

"கண்ணா, உங்கப்பாவை..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். தூதுவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தார். வேறு வழியில்லை.

"போன் எங்கங்க?"

"கட்டில் மேல. உன்னோடது?"

"சார்ஜ்ல போட்டிருக்கேன். ஐயோ, கெட்டில்! இழுத்து மேல கொட்டிக்குவானே!"

"அலமாரி உச்சியில ஏத்திட்டேன்."

"டிராயர்ல விரலை நசுக்கிக்கிட்டா?"

"எல்லா டிராயருக்கும் டேப் ஒட்டியாச்சு." அவன் பார்சல் கம்பெனி மேற்பார்வையாளன். கல்யாணத்துக்குப் போனாலும் பையில் ஒரு டேப் சுருள் இருக்கும்.

"மேசை முனை?"

"துணி சுத்தி வச்சிருக்கேன்."

"என்ன துணி?"

அவன் கடலைப் பார்த்தான்.

"என்ன துணிங்க?"

"உன் பட்டு ஷால்."

"அடப்பாவி மனுஷா! முந்தாநாள்லேர்ந்து தேடறேன்! அப்போ, தினமும் கட்டிலைச் சுத்தித் தலையணை அடுக்கி வைக்கிறது?"

"நான்தான்."

"அதுக்குத்தானே அந்த ரூம் பையனை அத்தனை தரம் புகழ்ந்தேன்!"

"அவனும் வேண்டாம்னு சொல்லலையே."

உள்ளே வாண்டு குளியலறைப் பக்கம் ஓடினான். அவள் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டாள். "வாளியில தண்ணி இருக்கு!"

"கவுத்து வச்சிருக்கேன், பயப்படாதே."

வாண்டு ஒருக்களித்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிறகு ஓடிவந்து கண்ணாடியில் மூக்கைச் சப்பையாக அழுத்தி அவர்களுக்கு வேடிக்கை காட்டினான்.

"இவ்வளவு பார்க்கிற மனுஷன், அன்னைக்கு மட்டும் கண்ணை எங்க வச்சிருந்தீங்க?"

"உன்மேலதான்."

"சினிமா வசனமெல்லாம் வேண்டாம்."

"நிஜமாத்தான். காத்துல உன் தலைமுடி பேய் மாதிரி எழும்பி நின்னுச்சு. அதை அமுக்கிக்கிட்டே சிரிச்சே. வீட்டுல நீ இப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சுன்னு பார்த்துக்கிட்டே நின்னுட்டேன். பிள்ளை கையை விட்டது தப்புதான். கண்ணை மூடினா அந்தக் கம்பிதான் வருது."

ஈரம் காயாத குட்டிச் சட்டையை அவள் மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்த கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டிய நேரத்தில், இந்த மனுஷனைத் திட்டித் தீர்த்தோமே என்று இருந்தது.

"எனக்கும் அந்தக் கம்பிதாங்க வருது," என்றாள். "நாலு பேர் முன்னால நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நாளைக்கு இறங்க வேண்டாம். ஆனா மேல போனா, பிள்ளைக்கு ஆளுக்கொரு கை."

"பேய் முடியை யாரு அமுக்கறது?"

அவள் ஈரச் சட்டையால் அவனை ஒரு போடு போட்டாள். அவன் சிரிக்க, அவளும் சிரிக்க, கதவு திறந்துகொண்டது.

"அடடா, ரெண்டு பேரும் இங்க நின்னு காத்து வாங்கறீங்களா?" என்றாள் நாத்தனார்.

"நல்லவேளை வந்தீங்க அண்ணி! இந்தப் போக்கிரி தாழ்ப்பாளைப் போட்டுட்டான். இனிமே இவனை ஒரு நொடிகூடத் தனியா விடக் கூடாது."

"விடவே கூடாதும்மா. நான் விடுவேனா?" என்று நாத்தனார் பயபக்தியோடு தலையாட்டினாள்.

வாண்டு அவள் கையைப் பிடித்துக் குதித்தான்.

"அத்த, மறுபடி பூட்டு! இப்ப நானும் உன்கூட பாத்ரூம்ல ஒளிஞ்சுக்கறேன்!"