கப்பலில் நான்கு கொலைகாரர்கள்

"அத்தனை பேரையும் கொன்னது நான்தான்" என்று சொல்லிவிட்டு லாக்லன் தலை குனிந்தார். கண்ணில் நீர் தானாகவே வந்தது.

"கட்! அருமை" என்றார் இயக்குநர் இவெட். "அடுத்து நர்ஸ் வரலாம்."

நர்ஸ் வந்து அதே இடத்தில் நின்று அதே வசனத்தைச் சொன்னார். காலையில் விமானியும் இன்ஜினியரும் சொன்னதும் அதேதான். தொடரில் வரும் விண்கப்பலில் ஒன்பது பேரைக் கொன்றது யார் என்பது ஒளிபரப்புக்கு முன் கசிந்துவிடக் கூடாதாம். அதனால் நான்கு பேரையும் கொலைகாரர்களாக நடிக்க வைத்துப் படம் பிடித்தார்கள். எது நிஜம் என்று நடித்தவர்களுக்கே தெரியாது.

வில்லனுக்கு மட்டும்தான் அடுத்த சீசன். மற்றவர்களை விண்வெளியில் தள்ளிவிடுவார்கள். கப்பல் டாக்டராக நடிக்கும் லாக்லன், இந்த வேடம் கிடைக்கும் முன் வான்கூவரில் எடுத்த பதினோரு தொடர்களில் பிணமாகப் படுத்தவர். மறுபடி படுக்க அவருக்கு விருப்பமில்லை.

விடை தெரிந்தவர் கண்ணெதிரே இருந்தார். மானிட்டர் அருகே மடியில் நோட்டும் கையில் ஸ்டாப்வாட்சுமாக உட்கார்ந்திருக்கும் வெர்னா. எந்தக் காட்சியில் யார் சட்டையில் எத்தனை பொத்தான் என்பது வரை குறித்துவைப்பது அவர் வேலை. கப்பலின் கம்ப்யூட்டர் பேசும் வசனங்களையும் அவரே உட்கார்ந்த இடத்திலிருந்து படித்துவிடுவார். ஒளிபரப்புக்கு முன் யாராவது பெரிய நடிகையின் குரலை ஏற்றிக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில், 'நனைமோ' என்ற மூன்றடுக்கு சாக்லேட் கேக் துண்டோடு லாக்லன் அவரிடம் போனார்.

"லஞ்சமா?" என்றார் வெர்னா.

"அன்புன்னு வெச்சுக்கயேன். வாயால ஒண்ணும் சொல்ல வேணாம். நானா இருந்தா ஒரு தடவை கண்ணைச் சிமிட்டு, போதும்."

"சிமிட்டினா எனக்கு வேலை போயிடும்பா."

"சிமிட்டாட்டி எனக்குப் போயிடும்!"

வெர்னா சிரித்துவிட்டார். அப்போது ஒலிப்பதிவாளர் வந்து, வழக்கம்போல அவர் காலரில் ஒரு சின்ன மைக்கைக் குத்திவிட்டுப் போனார்.

"உனக்கெதுக்கு தினமும் இது? நீ பேசறதைத்தான் அப்புறம் அழிச்சிடுவாங்களே?"

"நீங்க எங்கேயோ தள்ளி நிக்கறீங்க. நான் படிக்கறது கேக்க வேணாமா?"

"என்னத்தப் படிக்கறே! படகுத்துறை அறிவிப்பு மாதிரி, உணர்ச்சியே இல்லாம. நல்லவேளை உனக்கு நடிக்க வராது, மனசுல இருக்கறது மூஞ்சில தெரிஞ்சிடும்." லாக்லன் குனிந்து உற்றுப் பார்த்தார். "என்னைப் பாத்ததும் சிரிச்சே பாரு... அப்ப நான்தான் வில்லன்!"

"எனக்கு நடிக்க வராதுதான்" என்று வெர்னா கேக்கைக் கடித்தார்.

லாக்லன் துள்ளாத குறையாகத் தளத்துக்குத் திரும்பினார். நர்ஸின் தோளைத் தட்டி, "அப்பப்ப போன் பண்ணும்மா, மறந்துடாதே" என்றுகூடச் சொன்னார்.

கடைசிக் காட்சி. நால்வரையும் கப்பலின் வெளிக்கதவை ஒட்டி நிறுத்தினார் இவெட். "இதுல நாலு விதமெல்லாம் கிடையாது. ஒரே விதம், ஒளிபரப்பாகப்போறது இதுதான். உங்க மூஞ்சில நிஜ அதிர்ச்சி வேணும், அதனாலதான் பதிலைக் காட்டல. டாக்டர், கொலைகாரன் யாருன்னு கப்பலைக் கேளுங்க. மத்தது தானா நடக்கும்."

லாக்லன் ஒரு புருவத்தை வில்லத்தனமாக உயர்த்திக்கொண்டு, கூரையைப் பார்த்துக் கம்பீரமாகக் கேட்டார்: "சொல்லு, கொலைகாரன் யாரு?"

மானிட்டர் அருகே வெர்னா வாயில் ஒட்டியிருந்த கேக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு அதே படகுத்துறைக் குரலில், காலர் மைக்கில் சொன்னார்:

"அத்தனை பேரையும் கொன்னது நான்தான், டாக்டர். கதவைத் திறக்கறேன்."