பொய் என்று எழுதிய வரி

மூன்றாவது பக்கத்தில் அவர் எழுதினார்: 'என் மனைவி சோற்றில் எதையோ கலக்கிறாள் என்று அப்போது நம்பினேன். அது பொய். நோய் அப்படி நம்ப வைத்தது.'

பேனாவைக் கீழே வைத்தார். விரல் வலித்தது.

ஆறாம் வகுப்போடு நின்ற கை. நாலு வரிக்கு ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது.

ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். மனநோயிலிருந்து குணமானவர்கள் எழுதிக் கொடுங்கள், புத்தகமாகப் போடுகிறோம் என்று. எதற்குக் கேட்கிறார்கள், யாரிடம் காட்டுவார்கள் என்று ஒரு மாதம் யோசித்தார். பிறகுதான் நோட்டு வாங்கினார்.

மனைவி பேச்சியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது.

"என்னயப் பத்தி என்ன எழுதிருக்கீங்க? வாசிங்க."

வாசித்தார்.

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

"பொய்யின்னு இருக்குல்ல, அத அடிங்க."

அவர் நிமிர்ந்தார்.

"கலந்தேன். ஆஸ்பத்திரி மாத்திரதான். கையில குடுத்தா துப்பிருவீங்க. பொடிச்சுக் குழம்புல போட்டேன். ரெண்டு வருசம்."

"கசந்துச்சே."

"பின்ன? ஒருநா பாகக்கா, ஒருநா சுண்டக்கான்னு எதுக்கு வச்சேன்? ஆசைக்கா?"

அது நடந்து முப்பது வருடம்.

தன் நாக்கே தன்னை ஏமாற்றியது என்று நம்பித்தான் அவர் குணமானார். ஊரை நம்பாத மனுசன். ஊரை நம்பப் பழகுவதாவது பரவாயில்லை. சொந்த நாக்கை, சொந்தக் காதை நம்பாமல் இருக்கப் பழகுவது பெரும்பாடு. பழகினார். கோயிலில் நாலு பேர் பார்க்க அவளிடம் மன்னிப்புக்கூடக் கேட்டார்.

அன்றைக்கு அவள் வாயே திறக்கவில்லை.

கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

"தெருவுல எப்பவும் ஒரு ஆளு என் பின்னாடியே வந்தானே?"

"உங்க தம்பிதான். நீங்க தண்டவாளத்துப் பக்கம் போயிருவீங்களோன்னு."

"கல்லெடுத்து எறிஞ்சேனே."

"நாலு தையல். சைக்கிள்ல விழுந்துட்டேன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னது நாந்தான்."

தம்பி செத்து ஒன்பது வருடம்.

பேனாவை எடுத்தார். 'அது பொய்' என்பதை அடித்தார். பின்னாடி வந்த ஆளைப் பற்றி எழுதியிருந்ததையும் அடித்தார். பக்கத்தில் பாதி போய்விட்டது.

இன்னும் ஒன்று இருந்தது. சுவருக்குள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல்.

பேச்சியம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதை மட்டும் அவர் அவளிடம் கேட்கவில்லை.

'ஒரு குரல் கேட்டது. அது நோய்' என்று எழுதினார்.

அடியில் ஒரு கோடு போட்டார். தாள் கிழிகிற மாதிரி, அழுத்தி.