ஒரு சாண் மண்

"தோண்டாம எவளாவது தோட்டம் போடுவாளாடி?" என்று கேட்டுக்கொண்டே முத்தையன் கடப்பாரையோடு கொல்லைக்கு வந்தான். அவன் குவைத்திலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. வேலியோரம் செண்பகம் பழைய செங்கற்களை நீளவாட்டில் ஒரு பாத்திபோலச் சுற்றி மூன்று வரிசை அடுக்கி முடித்திருந்தாள். உள்ளே கொட்டுவதற்கு வண்டல்மண் மூட்டையில் காத்திருந்தது. தரையை அவள் ஒரு கொத்துகூடக் கொத்தவில்லை.

"ரெண்டடி தோண்டி எருவைப் போட்டா கத்திரி காச்சுத் தள்ளும். நவுரு."

"கீரை போதுங்க. அதுக்கு ஒரு சாண் மண்ணு போதும்."

"வேர் எறங்காத செடி இருக்கான்னு நர்சரியில கேட்டியாமே? ஊரே சிரிக்குது."

அவன் செங்கல்லைத் தாண்டி நடுவில் நின்று கடப்பாரையை ஓங்கினான். செண்பகம் ஓடிவந்து அவன் காலடியில் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்தாள்.

"வேணாங்க. ஒம்பது நாளுதான் பால் குடிச்சான்."

பச்சைப்பிள்ளையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகாமல் கொல்லையிலேயே புதைப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. சாவுச் செய்தியைப் போனில் கேட்டு அழுதவன், எந்த இடம் என்று இந்த ஒன்றரை வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. முகம் பார்த்திராத மகன்.

கடப்பாரை மெதுவாகக் கீழே இறங்கியது. முத்தையன் தன் கால்களைக் குனிந்து பார்த்தான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, செங்கல்லில் கால் படாமல் தாண்டிப் போனான்.